பெட்டிகளுக்குப் பக்கத்தில்

இருபத்து மூன்றாம் இருக்கைக்கு நேர் கீழே
எனக்கொரு படுக்கை.
ஆறடிக்கு இரண்டடி. தலைமாட்டில் ஒரு குட்டி மின்விசிறி.
தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகள்,
கயிறு கட்டிய ஒரு ரைஸ் குக்கர்,
கூடாதென்று எழுதி ஒட்டியும்
யாரோ ஏற்றிவிட்ட டுரியான்.

நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்க
பண்டார் தாசேக் செலாத்தானில்
ஜைலானி வண்டியை எடுப்பான்.
கதவடைக்கும் முன் குனிந்து, "ஓகேயா?" என்பான்.
அவ்வளவுதான் பேச்சு.
பத்து மாதமாய் ஒரே வண்டி.
ஒருவன் விழித்திருந்தால் மற்றவன் தூங்கியாக வேண்டும்.

மேலே நாற்பது பேர்.
மூன்று மாதம் முன்பே கைபேசியில் பிடித்தவருக்கு
ஒன்பது வெள்ளி.
இன்று மாலை முகப்பில் நின்று கெஞ்சியவருக்கு
நாற்பத்திரண்டு.
சிலிம் ரிவர் பள்ளத்தில்
இருவருக்கும் ஒரே குலுக்கல்.

வடக்கே போகும் இரவுகளில்
பாதி நாட்டை நான் முதுகால்தான் பார்க்கிறேன்.
ரவாங் என்றால் ஒரு நீண்ட சாய்வு.
தஞ்சோங் மாலிமில் புதுத் தார்; ஒரு நிமிடம்
வண்டி ஓடுவதே தெரியாது.
மேலே யாரோ தவறவிட்ட இருபது காசு
ஏற்றத்தில் பின்னால் உருளும்,
இறக்கத்தில் முன்னால் வரும்.
தாப்பா தாண்டியதும் எதிலோ சிக்கிக்கொண்டது.
எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கோப்பேங்கில் ஒரு தட்டு.
சின்னக் குதிகால். டக். டக்.
விரல் மடக்கி நானும் ஒன்று தட்டினேன்.
மேலே எல்லாம் நின்றுபோனது.
ஏசி குழாய் வழியே குரல் இறங்கியது:
"அம்மா, அடியில ஆளு இருக்கு."
"பேசாம படு. பெட்டிதான் இருக்கும்."
நீண்ட யோசனை. பிறகு மூன்று தட்டு.
பெட்டி மூன்று தட்டாகவே பதில் சொன்னது.

சுங்கை பேராக் நிறுத்தம். மணி மூன்று.
நான் விட்ட மெத்தைச் சூட்டில் ஜைலானி,
அவன் விட்ட இருக்கைச் சூட்டில் நான்.
முகம் கழுவி, பையில் கட்டிய கோப்பி ஓவோடு
படியேறும்போது அவள் பார்த்தாள்.
ஐந்து வயதிருக்கும்.
என் கன்னத்தில் மெத்தைத் தையல் பதிந்திருந்தது.
"அம்மா, பெட்டி எந்திரிச்சு வந்துருச்சு."
அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
"புள்ள சரியாத்தான் சொல்லுது," என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.

போன வாரம் கம்பெனி ஆள் ஒருவன்
அளவு நாடாவோடு வந்திருந்தான்.
கோத்தா பாருவுக்குப் புதுத் தடம், ஹாட்யாய்க்கு ஒன்று,
முதல் நூறு பேருக்கு ஒரு வெள்ளி டிக்கெட்.
அந்த ஒரு வெள்ளி எங்கிருந்தாவது வர வேண்டுமே.
ஒரே ஓட்டுநர் போதும் என்று மேலிடத்தில் பேச்சாம்.
என் அறைக்குள் தலையை விட்டு எண்ணினான்:
பார்சல் பெட்டி பதினாறு வைக்கலாம்.
பதினெட்டு வைக்கலாம் என்றான் ஜைலானி,
அவனைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.
அன்று நாங்கள் இருவரும்
டயர்கடைக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

தைப்பிங்கில் வழக்கம்போல் மழை.
புக்கிட் மேரா ஏரி இருக்கும் இடத்தில்
இருட்டு கொஞ்சம் அகலமாக இருந்தது.
ஜூரு சாவடி நெருங்குகையில்
பிரேக்கைப் பெருவிரலால் மட்டும் மிதிக்கிறேன்.
கீழே அவன் தலை முன்பக்கம்.
நெற்றிக்கு நாலு விரல் தள்ளி ஓர் இரும்புச் சட்டம்
துருத்திக்கொண்டிருக்கும்.
அது என் நெற்றிக்கும் தெரிந்த இடம்.
சிலிம் ரிவரில், பீடோரில், லாரி குறுக்கே வந்த இரவிலும்
எனக்காக இப்படித்தான் மிதித்திருக்கிறான்.

பாலத்தில் ஏறுகிறோம். ஐந்து கூட ஆகவில்லை.
இரண்டு பக்கமும் கடல், இருப்பதாக நம்பிக்கை.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
எல்லோரும் வாய் பிளந்து தூங்க,
அவள் மட்டும் குதிகாலால் தட்டிவிட்டு
காதைச் சாய்த்துக் காத்திருக்கிறாள்.

கீழிருந்து பதில் இல்லை.
நல்லது.
தூங்குகிறான்.